பாதி மதிப்பெண் வாங்கிய விஜி

விஜி இறந்துபோன செய்தி எனக்கு நம் வகுப்புத் தினேஷிடமிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று காலை எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஒரு கேள்வி. இவனுக்கு எப்படி எனக்கு முன்னால் தெரிந்தது?

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் பெயிண்ட் கம்பெனியில், சாம்பிள் டப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'ரெண்டுங்கெட்டான்' என்று நாமே பெயர் வைத்த அந்தக் குழுவில், தினேஷ் எழுதியிருந்தான்: "விஜி பூட்டா. மூளைல ரத்தக்கசிவாம். நூம்பல்ல அம்மா ஊட்ல வச்சிகீறாங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருத்தி, 'ஞாயித்துக்கிழமகூட என்கிட்ட பேசினாளே' என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, 'என்கிட்டயும்' என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடமும் பேசியிருந்தாள். அதுவரை அந்த ஞாயிற்றுக்கிழமை போன் எனக்கு மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் இருந்த டப்பாவை மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதேன்.

நம் வகுப்பு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று சொன்னீர்கள். 'நீ அவளோட லேப் பார்ட்னர், நல்லதா நாலு வார்த்தை எழுது ஜெயந்தி' என்றீர்கள். நல்லதாகத்தான் எழுதுகிறேன். ஆனால் பொறாமை என்ற சொல்லை விட்டுவிட்டு விஜியைப் பற்றி என்னால் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. மூன்று வருடம் அவள் பக்கத்திலேயே நின்று பொறாமைப்பட்டவள் நான். பிடித்தவர்களைக்கூட நாம் பாதி நேரம் கவனிப்பதில்லை. பொறாமைப்படுகிறவள் ஒன்றையும் தவறவிட மாட்டாள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

வேதியியலும் வணிக மேலாண்மையும் சேர்ந்த அந்தப் பட்டப்படிப்பில் நாம் சேர்ந்தபோது, அது என்ன படிப்பு என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. முகப்பேரில் எங்கள் ஃப்ளாட்டில் யாராவது கேட்டால் அப்பா 'கெமிஸ்ட்ரி' என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார். காலையில் ஆய்வகம். மதியம் மைதானத்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில் மேலாண்மை வகுப்பு. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வெயிலில் ஓடுவோம். வேதியியல் துறையில் நமக்குப் பெயர் 'கம்பெனி பசங்க'. மேலாண்மைத் துறையில் நாம் உள்ளே நுழைந்தாலே ஆசிட் வாடை அடிக்கிறது என்று ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். ஒரு பேராசிரியர் ஒருநாள் முகத்துக்கு நேராகவே, "நீங்கள்லாம் ரெண்டுங்கெட்டான்" என்றார். உங்களில் பலருக்கு அது ஞாபகம் இருக்கும். நான் கழிவறைக்குப் போய் அழுதது ஞாபகம் இருக்காது, யாருக்கும் தெரியாது.

விஜிக்குத் தெரிந்தது. கதவைத் தட்டி வெளியே இழுத்தாள். "இன்னாத்துக்குடி அழுவுற? நமக்கு ரெண்டு ஊடு கீதுன்னு வச்சுக்கோ. இந்த ஊட்ல கொழம்பு நல்லா இல்லன்னா அந்த ஊட்டுக்குப் போ. அந்த ஊட்ல திட்னா இங்க வந்து குந்து. ஒரே ஊடு வச்சிகினு கீறவன் எங்க போவான், பாவம்?" அடுத்த வாரமே அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்புக் கதவில் ஒட்டிவிட்டாள். எல்லாரும் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி கொண்டாடினீர்கள். எனக்குச் சமாதானமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அழுதது நான். பெயர் அவளுக்கு.

அவள் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நூம்பலில் பழைய விவசாயக் குடும்பம். நிலம் மனையாகிப் போன பிறகு அவள் அப்பா வேலப்பன்சாவடியில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாவில் உட்கார்ந்து மேஸ்திரிகளோடு வாயாடி வளர்ந்தவள் விஜி. கல்லூரி முதல்வரானாலும் மூட்டை தூக்குகிறவரானாலும் ஒரே பேச்சுதான். நாங்கள் கரூரிலிருந்து வந்தவர்கள். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அதற்குள் அவள் பேசி முடித்து, எதிரே இருப்பவர் சிரித்தும் முடித்திருப்பார்.

ஆய்வகத்தில் மட்டும் நான் அவளைவிடக் கெட்டிக்காரி. இதை அடக்கமெல்லாம் பார்க்காமல் சொல்கிறேன். ப்யூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே குடுவையில் இருக்கும் நிறமில்லாத கரைசல் லேசான ரோஜா நிறத்துக்கு வந்த அந்த ஒரு சொட்டிலேயே நிறுத்த வேண்டும். எனக்குக் கை நிற்கும். அவளுக்கு நிற்காது. பேச்சு சுவாரசியத்தில் குழாயின் திருகை மூட மறந்துவிடுவாள். குடுவை பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிடும். "கொஞ்சம் தூக்கலா பூட்ச்சு. பாக்க லட்சணமா கீதுல்ல?" என்று அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். ஆய்வக உதவியாளர் அண்ணன் சிரித்துக்கொண்டே அவளுக்கு வேறு குடுவை கொண்டுவந்து கொடுப்பார். ஒருமுறை என் கை தவறி ஒரே ஒரு பிப்பெட் உடைந்தது. அதே அண்ணன் என் பெயரைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஒரு வாரம் அது அழியாமல் இருந்தது.

இனி அந்த விடைத்தாள். இதைச் சொல்லாமல் நம் வகுப்பில் யாரும் விஜியைப் பற்றிப் பேச்சை முடிப்பதில்லை. நானும் சொல்கிறேன், ஆனால் என் பக்கத்திலிருந்து.

இரண்டாம் வருடம், நிதி மேலாண்மை உள்தேர்வு. 'பாண்டு என்றால் என்ன? வகைகளை உதாரணத்துடன் விளக்குக' என்று ஒரு கேள்வி. கேட்டது கடன்பத்திரத்தைப் பற்றி. அன்று காலையில்தான் வேதியியல் தேர்வு முடிந்திருந்தது. அந்த மயக்கத்திலேயே வந்து உட்கார்ந்த விஜி வேதியியல் பாண்டை, அணுவையும் அணுவையும் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பை, எழுத ஆரம்பித்துவிட்டாள். நம் வகுப்பைத் தவிர வேறு எந்த வகுப்பிலும் நடக்க முடியாத தப்பு அது. சோடியம், குளோரின், எலக்ட்ரான் என்று ஒரு பக்கம் போன பிறகுதான் கேள்வித்தாளின் தலையில் பாடத்தின் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

நானாக இருந்தால் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பேன். அவள் அடிக்கவில்லை. அடுத்த பத்தியில் இப்படி எழுதினாள்: 'மேலே சொன்ன சோடியம்தான் முதலீட்டாளர். தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடுகிறார். வாங்கிக்கொண்ட குளோரின்தான் கம்பெனி. ஒருவர் கொடுத்ததாலும் ஒருவர் வாங்கியதாலும் இருவரும் விட முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதுவே கடன்பத்திரம். இன்னொரு வகைப் பிணைப்பில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. இருவரும் பொதுவில் வைத்து அனுபவிக்கிறார்கள். சந்தையில் அதற்குப் பெயர் ஷேர்.'

நிதி மேலாண்மை சார் அதை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "தப்பான பதில்தான். ஆனா முப்பது தாள்ல எனக்குத் தூக்கம் கலைஞ்சது இந்தத் தாள்லதான்" என்றார். அவளுக்குப் பாதி மதிப்பெண் போட்டார். எனக்கு முழு மதிப்பெண். பாண்டுகளின் வகைகள் ஒன்றுவிடாமல் என் தாளில் இருந்தன, அடிக்கோடு போட்டு. அதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள், "உன்னுத குட்றி, சரியான பதில் எப்டி கீதுன்னு பாக்கறேன்" என்றாள். படித்துவிட்டு, "செம்மையா கீது" என்று உண்மையாகவே சொன்னாள். அவளுக்குக் கொஞ்சமாவது வயிறு எரிந்திருந்தால் எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கியிருக்கும்.

மூன்றாம் வருடம், ஒரு பொருளை நாமே தயாரித்து நாமே விற்க வேண்டும் என்பதுதான் செய்முறைத் திட்டம். நானும் விஜியும் பாத்திரம் கழுவும் திரவம் செய்தோம். கலவை என்னுடையது. விற்பனை அவளுடையது. முகப்பேரில் எங்கள் ஃப்ளாட் இருந்த குடியிருப்பிலேயே விற்கலாம் என்றாள். நாங்கள் அங்கே குடிவந்து பல வருடம் ஆகியிருந்தது. எதிர் வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது. விஜி ஒவ்வொரு கதவாகத் தட்டி, "ஆன்ட்டி, காசு வேணாம், ஒரு அடிபுடிச்ச தோசக்கல்லு குடுங்க, தேச்சுக் காட்டிட்டுப் போய்கினே இருக்கேன்" என்றாள். பொழுது சாய்வதற்குள் எந்த வீட்டில் யாருக்கு முட்டிவலி என்பது வரை அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அம்மா அவளுக்காகத் தனியாக முறுக்கு எடுத்து வைக்க ஆரம்பித்தாள். "உன் சிநேகிதி எப்ப வருவா?" என்று என்னையே கேட்பாள்.

வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது, நுரையே வரவில்லை என்று. நுரைக்கும் அழுக்குப் போவதற்கும் சம்பந்தமில்லை என்று நான் படம் போட்டு விளக்கத் தயாரானேன். விஜி என் நோட்டை மூடினாள். "அழுக்கு போனது யாருக்குடி தெரியும்? நுரை வந்தா தெரியும். தெரியறத மொதல்ல குடு. தெரியாதத நீ நேர்மையா பண்ணிகினே இரு." நுரைப்பொருளைக் கொஞ்சம் கூட்டினேன். புகார் நின்றது. மேலாண்மையில் நாம் மூன்று வருடம் படித்ததில் எனக்கு நிலைத்தது அந்த ஒரு பாடம்தான், அதுவும் அவள் சொல்லித்தான்.

படிப்பு முடிந்ததும் நான் அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தேன். விஜி கல்யாணம் செய்துகொண்டு, கொஞ்ச நாளில் திருமழிசையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அதே பாத்திரம் கழுவும் திரவத்தைத் தயாரிக்கத் தொடங்கினாள். "நீ கலக்கு, நான் விக்கறேன், வந்துரு" என்று என்னைக் கூப்பிட்டாள். வரவில்லை என்றேன். ஃப்ளாட்டுக்குக் கட்ட வேண்டிய தவணையைக் காரணம் சொன்னேன். அது உண்மைதான். இன்னொரு உண்மை, மறுபடியும் அவள் பக்கத்தில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்வதோடு சரி. அவள் இன்னொரு ஆளை வேலைக்குச் சேர்த்தேன் என்று சொல்லும் வாரத்தில் நான் என் கம்பெனியில் எதையாவது சாதித்துக் காட்டத் துடிப்பேன். எனக்கு வந்த இரண்டு பதவி உயர்வும் அப்படி வந்தவைதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நம்மில் பலர் நூம்பல் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது விஜியின் கணவர் செல்வம் மெல்லச் சொன்னார். "கம்பெனிய மூடிர்லாம்னு கீறேன். எனக்கு கெமிக்கலும் தெரியாது, யாவாரமும் தெரியாது. டாங்க்கு, மோட்டாரெல்லாம் பாக்க பூந்தமல்லிலேர்ந்து ஒரு ஆளு வர்றாரு." வேலை செய்யும் ஐந்து பெண்களும் பந்தல் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்களுக்கு அடுத்த மாதம் எங்கே வேலை என்று யாருக்கும் தெரியாது.

தினேஷ் எழுந்தான். "விக்காதீங்க மாமே. நான் எடுத்துக்கறேன். விஜி எனக்குக் கூடப்பொறந்தவ மாரி."

தினேஷ் நல்லவன். இதைப் படித்துவிட்டு அவன் என்னிடம் சண்டைக்கு வரமாட்டான் என்றும் தெரியும். ஆனால் வேதியியலில் அரியருக்கு மேல் அரியர் வைத்துத் தேறியவன், விஜியின் கொட்டகையில், அவள் நாற்காலியில், என் கலவையை வைத்துக்கொண்டு உட்காருவானா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் பாத்துக்கறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் திரும்பினீர்கள். நீங்கள் அதைப் பெரிய மனது என்று நினைத்துக்கொண்டீர்கள், இரண்டு பேர் குழுவில் எழுதவும் செய்தீர்கள். இல்லை. வெறும் பொறாமை.

செல்வம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு மேடம்?"

"விஜியோட லேப் பார்ட்னர்."

"அப்டித்தான் சொல்லிகினு கீறாங்க எல்லாரும்" என்றார் அவர், கோபமில்லாமல். "காலைலேர்ந்து நீங்க நாலாவது ஆளு." தினேஷ் சிரித்துவிட்டான். பிறகு அவனே செல்வத்திடம், "இவதான் மாமே நெஜ பார்ட்னர், கலக்கறதுல கில்லாடி, வுடுங்க இவகிட்ட" என்று விட்டுக்கொடுத்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் இடத்துக்கு அவன் சான்று தர வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை திருமழிசை போனேன். கொட்டகையில் எல்லாருக்கும் மூத்தவள் அமுதா. டாங்க் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைய சரக்கு தண்ணீராக ஓடியது. திரவம் கெட்டியாவதற்கு உப்பு போடுவோம். ஓர் அளவு வரை போடப் போடக் கெட்டியாகும். அளவு தாண்டினால் தலைகீழாக நீர்த்துவிடும். துக்கத்தில் அமுதா இரண்டாவது தடவையும் உப்பைப் போட்டிருக்கிறாள். நீர்த்ததைப் பார்த்துப் பயந்து, இன்னும் போட்டிருக்கிறாள். எனக்கு வழி தெரியும். உப்பில்லாத புதுக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கலக்கிக் கலக்கிப் பார்த்து, மதியத்துக்குள் பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். கரண்டியில் எடுத்து ஊற்றினால் தேன் மாதிரி இறங்கியது. ஐந்து பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அப்படிப் பெருமையாக நின்றதில்லை.

அமுதா கரண்டியை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான்க்கா கீது" என்றாள். "விஜிக்காவா இருந்தா இவ்ளோ கஸ்டப்பட்டிருக்காது. அப்டியே தண்ணியா கீறத கண்ணாடி தொடைக்கறதுன்னு வேற பேரு வச்சு வித்துட்டு வந்திருக்கும்." மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். துக்கத்தின் கனம் இறங்கிய முதல் சிரிப்பு. நானும் சிரிக்க வேண்டியிருந்தது. செய்திருப்பாள். நிச்சயம் செய்திருப்பாள். நான் நின்ற இடத்திலேயே எரிந்தேன்.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இனி அவளை முந்தவே முடியாது. விஜிக்கு இனி நரை விழாது, கோபம் வராது, ஒரு சரக்கும் கெட்டுப்போகாது. முப்பத்தாறு வயதில், எல்லாரும் மெச்சும் இடத்தில், அப்படியே நின்றுவிட்டாள். நான்தான் தினமும் தப்பும் தவறுமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போய் ஜெயிப்பது எந்த ஊர் நியாயம் விஜி? உன்னிடம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையில் போனை எடுத்துவிடுகிறேன்.

இப்போதைக்குச் சனிக்கிழமைகள் திருமழிசையில் கழிகின்றன. ஐந்து பேருக்கும் வேலை இருக்கிறது. அவள் சிரிப்பை யாராவது வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னவற்றைத் தினேஷ் மேடை மேடையாகச் சொல்லட்டும், அவனுக்கு நன்றாகவும் வரும். நான் வைத்துக்கொண்டிருப்பது அவள்மேல் உள்ள பொறாமையை. அதுதான் என்னைப் படிக்க வைத்தது, வேலையில் உயர்த்தியது, இப்போது வாரம் தவறாமல் திருமழிசை பஸ்ஸில் ஏற்றுகிறது. அதில் மட்டும் யாருக்கும் பங்கு கிடையாது.

போன வாரம் காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு மளிகைக்கடை அம்மாள் போன் செய்தார். விஜியிடம் வெகுநாளாகச் சரக்கு எடுப்பவர். நலம் விசாரித்தார், அழுதார், மூக்கைச் சிந்தினார், பிறகு பெருமூச்சு விட்டார்.

"இன்னா சொல்லு, விஜி மாரி வராதும்மா."

"வராதுதான்க்கா" என்றேன். "நாளிக்கு எத்தினி கேன் அனுப்பட்டும்?"